இடப்பக்கத்து ஒறம்பரை

தன்னுடைய இடது கையை முதன்முதலாகப் பார்த்தபோது, அது சாப்பிட்டதா என்று அவர் கேட்டார்.

மருத்துவமனையில், தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து அறைக்கு மாற்றிய மறுநாள் காலை. கட்டிலின் வலப்பக்கம் அவர் மனைவி நின்றிருந்தார். நான் இட்லிப் பொட்டலத்துடன் கதவருகே நின்றிருந்தேன். செவிலியர் அவரைத் திருப்பிப் படுக்கவைக்க முயன்றபோது, செயலிழந்திருந்த இடது கை அவர் மார்பின்மேல் வந்து விழுந்தது. அவர் அதைப் பார்த்தார். புறங்கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்தார். பிறகு மனைவியிடம் தணிந்த குரலில் சொன்னார்:

"அம்மணி, ஆரு இவரு? பாவம், எடமில்லாம எம்மேல கைய போட்டுப் படுத்திருக்காரு. சாப்டாரான்னு கேளு."

மனைவி சிரித்தார். மயக்கத்தில் உளறுகிறார் என்றுதான் இருவரும் நினைத்தோம். அவர் தன் வலது கையால் அந்த மணிக்கட்டைப் பிடித்து, தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாது என்கிற கவனத்தோடு மெத்தை ஓரத்துக்கு நகர்த்தி வைத்தார். அதில் உளறல் எதுவும் இல்லை. அந்த நிதானத்தைக் கண்டதும் மனைவியின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

கோவையில் கணபதி பகுதியில் அவர் வீட்டு மாடியில் சில ஆண்டுகள் குடியிருந்தேன். அப்போது ஒரு நாளிதழில் நிருபர் வேலை. அவருக்குத் தாராபுரம் பக்கத்து விவசாயக் குடும்பம்; கோவைக்கு வந்து மோட்டார் பம்புக்கு உதிரிப் பாகம் செய்யும் லேத் பட்டறை வைத்திருந்தார். வீடு பார்க்கப் போன அன்று என் வேலையையோ ஊரையோ அவர் விசாரிக்கவில்லை.

"சாப்டாச்சுங்களா கண்ணு?"

"ஆச்சுங்க."

"என்ன சாப்ட்டீங்க?"

இந்த இரண்டாவது கேள்விதான் அவருடையது. முதல் கேள்வியை ஊரே கேட்கும். இரண்டாவதில் நான் தடுமாறினேன். அவர் உள்ளே திரும்பி, "அம்மணி, ஒரு எலை" என்றார். வாடகைப் பேச்சு சாப்பாட்டுக்குப் பிறகுதான் நடந்தது. காஸ் சிலிண்டர் கொண்டுவருபவர், மின் கணக்கெடுக்க வருபவர் எல்லோரும் அந்த இரண்டாவது கேள்வியில் மாட்டியவர்கள். ஒருமுறை பக்கத்து மனைக்காரர் சுற்றுச்சுவர் தகராறுக்கு ஆள்களோடு வந்தார். அவரையும் சாப்பிடக் கூப்பிட்டார்.

"உங்க ஊட்டு உப்பத் தின்னுபோட்டு எப்படிங்க சண்ட போடறது? மொதல்ல சண்ட, பொறவு சோறு" என்றார் வந்தவர்.

"சண்ட ஆறாதுங்க. சோறு ஆறிப்போயிரும்."

வந்தவர் சாப்பிட்டார். சண்டையும் போட்டார். சுவர் விவகாரத்தில் யார் வென்றார்கள் என்பது எனக்கு நினைவில்லை.

அங்கே விருந்தாளியை, உறவினரை ஒறம்பரை என்பார்கள். ஒறம்பரை வந்திருக்கும்போது அவர் குரலே வேறாகிவிடும். சொந்தத்தில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் பந்தி விசாரிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். இரண்டு வரிசைக்கு நடுவே மெல்ல நடந்தபடி இருபக்கமும் பார்த்துக்கொண்டே போவார். யார் இலையில் எது தீர்ந்திருக்கிறது என்பதை உட்கார்ந்திருப்பவர் உணரும் முன்பே பரிமாறுகிறவர்களுக்குக் கைகாட்டிவிடுவார். "மொகத்தப் பாக்கக் கூடாதுங்க" என்று ஒருமுறை சொன்னார். "மொகத்துல கூச்சம் இருக்கும். எலையில இருக்காது."

அவருக்கு ஒரே மகள். தை மாதத்தில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. "ஊரார் பந்தியெல்லாம் பாத்தாச்சு கண்ணு. என்ற புள்ள பந்தி ஒண்ணுதான் பாக்கி" என்று படியேறும் என்னை நிறுத்திச் சொன்னார்.

ஆவணியில் பெருந்துறையில் ஒரு கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் தனியாகச் சாப்பிடுவது அவருக்குப் பிடிக்காது என்பதால் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார்கள். இரண்டாவது பந்தியில் எனக்கு இடம் கிடைத்தது. அவர் எங்கள் வரிசைக்கும் எதிர் வரிசைக்கும் நடுவில் வந்துகொண்டிருந்தார். நான் உட்கார்ந்திருந்தது அவருக்கு வலப்பக்கம். ஒவ்வொரு இலையாக நின்று விசாரித்தார். எதிர்வரிசைப் பக்கம் தலையே திரும்பவில்லை.

எதிரில் இருந்த பெரியவர் ஒருவர், உறவில் அவருக்கு மாமன் முறை, கையை உயர்த்தினார். "ஏனுங் மாப்ள, எங்க வரிசையெல்லாம் கண்ணுக்குத் தெரியாதுங்களா? இல்ல, எங்களுக்கு இன்னைக்கு விரதமுங்களா?"

வரிசை சிரித்தது. அவர் திரும்பவில்லை. பெரியவர் மறுபடி கூப்பிட்டார். அவர் எங்கள் பக்கம் மட்டுமே பார்த்தபடி அடுத்த இலைக்குப் போனார். சிரிப்பு அடங்கியது. பெரியவர் இலையை மடக்கிவிட்டு எழுந்தார். பாதிச் சாப்பாட்டில் இலையை மடக்குவது அந்த ஊரில் சாதாரணக் காரியமில்லை. "மக கல்யாணம் பெரிய எடத்துல அமைஞ்சிருச்சு பாருங்க, அதான்" என்று யாரோ சொன்னார்கள்.

மண்டபம் முழுக்க அவர் மனைவியைப் பார்த்தது. அவர் பதில் சொல்ல வாயெடுக்கும்போது, கணவர் வரிசையின் கடைசியில் சுவரோடு சாய்ந்து மெதுவாகச் சரிந்தார். கையிலிருந்த நெய்க் கிண்ணம் உருண்டது. திமிர் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டது, மூளையின் வலப்பக்கத்தில் ரத்தக்குழாய் வெடித்த அந்தச் சில நிமிடங்களை. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவருக்கும் அது நோய் என்று தெரியவில்லை.

மருத்துவர் விளக்கியதை நான் மனைவிக்கு எளிதாக்கிச் சொன்னேன். இடது கை, இடது கால் இயங்கவில்லை, அது பக்கவாதம். அதோடு இன்னொன்றும் இருக்கிறது. அவர் கண்ணில் குறை இல்லை. ஆனால் இடப்பக்கத்தில் இருக்கும் எதையும் மூளை சேர்த்துக்கொள்வதில்லை. சேர்க்கவில்லை என்பதும் அவருக்குத் தெரியாது. இடது கையைத் தன் கை என்று சொல்லாததும் அதில் ஒரு பகுதி. சிலருக்குச் சில வாரங்களில் சரியாகும், சிலருக்குத் தங்கிவிடும். இவருக்கு எப்படி என்று இப்போது சொல்ல முடியாது.

"தையில பந்தியில நிப்பாருங்களா?" மனைவி கேட்டது அது ஒன்றைத்தான்.

சொன்னது புரிந்தாலும் நேரில் பார்க்கும்போது அதிர்ச்சி குறையவில்லை. அரிசியும்பருப்பு சாதத்தைத் தட்டில் போட்டுக் கொடுத்தால், நடுவில் கோடு கிழித்ததுபோல வலப்பாதியைச் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சூண்டு" என்பார். தட்டை அப்படியே சுற்றி வைத்தால், "இப்பத்தான் வெச்சியா?" என்று மீதியைச் சாப்பிடுவார். தானே முகம் மழித்துக்கொண்ட அன்று, ஒரு கன்னம் வழவழப்பாகவும் மறு கன்னம் நரைத்தும் வெளியே வந்து, "எப்படி இருக்குது?" என்றார். மகள் உள்ளே ஓடிவிட்டாள்.

சம்பந்தி பார்க்க வந்தபோது கட்டிலின் இடப்பக்கம் போய் நின்று வணக்கம் சொன்னார். இவர் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி இருந்தார். மனைவி பாய்ந்து வந்தார். "இக்கட்டால வாங்க சம்பந்தி. அக்கட்டால ஃபேன் காத்து வராதுங்க." வலப்பக்கம் வந்ததும் கணவரின் முகம் மலர்ந்தது. "எப்பங்க வந்தீங்க? சாப்டாச்சுங்களா? என்ன சாப்ட்டீங்க?" சம்பந்தி ஒழுங்காகப் பதில் சொன்னார். கிளம்பும்போது வாசலில் நின்று, "வேணும்னா தேதியத் தள்ளி வெச்சுக்கலாமுங்களா?" என்று கேட்டார். நல்ல மனதோடு கேட்டதாகத்தான் எனக்குப் பட்டது. மனைவிக்கு அப்படிப் படவில்லை.

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட் கோட்டைமேட்டிலிருந்து ஸ்கூட்டியில் வரும் இளம்பெண். முதல் நாள் அவளையும் சாப்பிடச் சொன்னார், நோன்பு என்றாள். "அப்ப சாயங்காலம் வாங்க கண்ணு, நோம்பு தொறக்க" என்றார். அவளுக்கு அவர்மேல் பிரியம். இடப்பக்கம் திரும்பவைப்பதுதான் அவளுடைய முதல் வேலை. இடப்பக்கம் உட்கார்ந்து கூப்பிட்டாள், சிவப்புத் துணியை ஆட்டினாள், கன்னத்தைத் தொட்டாள். கழுத்து சற்று அசைந்து நடுவிலேயே நின்றுவிடும்.

அதைத் திருப்பியது மனைவிதான். ஒரு மத்தியானம் சலித்துப்போய், "மாமா, அக்கட்டால ஒறம்பரை உக்காந்திருக்காங்க. நீங்கபாட்டுக்குச் சாப்பிடறீங்களே, கேக்கறதில்லையா?" என்றார்.

அவர் திரும்பினார். கழுத்து முழுசாகத் திரும்பியது. மேசைமேல் கிடந்த தன் இடது கையைக் கண்டார்.

"அட, மன்னிச்சுக்கோணுமுங்க. கவனிக்கலீங்க." பிறகு மனைவியைக் கடிந்துகொண்டார். "இவருக்கு ஒண்ணுமே வெக்கலியே?"

அன்றிலிருந்து ஒவ்வொரு வேளையும் அதுதான் நடந்தது. மனைவி இடப்பக்கத்து ஒறம்பரையை நினைவுபடுத்துவார். அவர் திரும்பி விசாரிப்பார். வாரங்கள் போகப்போக நினைவுபடுத்தாமலே திரும்பினார். தட்டின் இடப்பாதி காலியாகத் தொடங்கியது. கதவின் இடது நிலையில் இடித்துக்கொள்வது குறைந்தது. ஊன்றுகோலோடு நடந்தார். பயிற்சியின்போது இடது தோள் சிறிது எழும்பியது.

தெரபிஸ்ட் பெண்ணுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "அம்மா, திரும்புறாரு, சரிங்க. ஆனா அவரோட கைன்னு சொல்லிச் சொல்லித்தான் அதக் கொண்டு வரோணும். நீங்க ஒறம்பரைன்னே சொன்னா அது ஒறம்பரையாவே நின்னுரும்."

"தையி வரைக்கும் நிக்கட்டும் கண்ணு. பொறவு அனுப்பிக்கலாம்" என்றார் மனைவி. தெரபிஸ்டும் சிரித்துவிட்டாள்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு மத்தியானம் அவர்களோடு சாப்பிட உட்கார்ந்தேன். அவருக்கு எதிரில் நான். மனைவி அடுப்பிலிருந்து கொள்ளு ரசத்தை இறக்கி, பாத்திரத்தோடு மேசையில் வைத்துவிட்டு நெய் எடுக்க உள்ளே போனார். ரசத்தில் ஆவி பறந்தது. அவருடைய இடது கை மேசைமேல் மல்லாந்து கிடந்தது. பக்கவாதத்தில் விரல்கள் உள்நோக்கி மடங்கியிருந்ததால் உள்ளங்கை குழிந்திருந்தது. பந்தியில் ரசத்தைக் குடிக்கக் கை ஏந்துவார்களே, அப்படி.

அவர் திரும்பி அதைப் பார்த்தார்.

"ரசமுங்களா? இருங்க இருங்க."

கரண்டியை எடுத்து, முழுக் கரண்டி கொதிக்கும் ரசத்தை அந்த உள்ளங்கையில் ஊற்றினார்.

நான் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவிருப்பது வேறு. அந்தக் கை அசையவில்லை. ரசம் உள்ளங்கையில் நின்று விரலிடுக்குகளில் வழிந்தது. கறிவேப்பிலை ஒன்று கட்டைவிரல் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. தோல் என் கண்முன்னே சிவந்தது. அவர் முகத்தில் வலியின் சாயல்கூட இல்லை. ஒரு விருந்தாளிக்குப் பரிமாறும்போது இருக்கும் அதே பணிவும் மகிழ்ச்சியும்தான் இருந்தன.

"இன்னும் ஏந்தியே இருக்காரு. மறுக்கா ஊத்தட்டுங்களா?"

மேசையைச் சுற்றி நான் ஓடுவதற்குள் இரண்டாவது கரண்டி சாய்ந்துவிட்டது. நெய்யோடு வந்த மனைவி சமையலறை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

குழாயடியில் கையை நீட்டிப் பிடித்துத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். அவர் ஒத்துழைத்தார். யாருக்கோ கைகழுவ உதவுகிறோம் என்ற நினைப்பு. "அவ்வளவு அவசரமா எந்திரிக்கறாருங்களா? பாயசம் வரலியே" என்றார்.

உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். தெரபிஸ்ட் மறுநாள் வந்து கையில் இருந்த கட்டைப் பார்த்தாள். மனைவியே ஆரம்பித்தார். "நீ அப்பவே சொன்னே கண்ணு. கழுத்து திரும்புதேங்கற ஆசையில நான்தான் ஒறம்பரைய உள்ள உட்டேன்."

அதன்பிறகு அந்த வார்த்தை வீட்டில் ஒலிக்கவில்லை. மனைவி நேராகவே சொன்னார்: "மாமா, இது உங்க கை. நீங்கதான் ரசத்த ஊத்திக்கிட்டீங்க."

அவர் கோபப்படவில்லை. பொறுமையாக எடுத்துச் சொன்னார். "நல்லா ரோசன பண்ணு அம்மணி. என்ற கையா இருந்தா எனக்குச் சுட்டிருக்காதா?"

தோளிலிருந்து தொடங்கி முழங்கை, மணிக்கட்டு என்று தெரபிஸ்ட் அவர் விரலாலேயே தடவிக் காட்டினாள். "ஆமாங்க கண்ணு, எல்லாஞ் சேந்துதான் இருக்குது. இருந்தாலும் என்றது இல்லீங்க" என்றார், அவள் மனம் கோணாதபடி. பட்டறையில் அளவு ஒரு இழை பிசகினாலும் கண்டுபிடிக்கிற மனிதர் அவர். அவர் அறிவில் தேய்மானம் இல்லை. அதுதான் எங்களை அதிகம் பயமுறுத்தியது. மனைவி அந்த வாரம்தான் சம்பந்தி வீட்டுக்குப் போன் செய்து, தேதி தள்ளுவதைப்பற்றிப் பேசலாம் என்றார். பதில் சொல்ல அவர்கள் கொஞ்சம் நாள் கேட்டார்கள்.

கட்டு மாற்றுவது மனைவியின் வேலை. வேலைக்குப் போகுமுன் சில நாள் நான் கைக்கடியில் பிளாஸ்டிக் பேசினைப் பிடித்துக்கொள்வேன். ஒரு காலை, புண்ணில் ஒட்டியிருந்த துணியை நனைத்து மெல்ல உரித்தபோது அவர், "ஸ்... மெதுவா" என்றார்.

மனைவியின் கை அப்படியே நின்றது.

"எங்க மாமா?"

அவர் முதலில் வலது கையைப் பார்த்தார். விரல்களை மடக்கி நீட்டினார். முழங்காலைத் தடவினார். இடுப்பைத் தொட்டார். பிறகு யாரும் சொல்லாமலே கழுத்து இடப்பக்கம் திரும்பியது. பேசினுக்கு மேல் இருந்த புண்பட்ட கையைப் பார்த்தார்.

"இங்க. இதுல."

"அது ஆரு கை?"

வெகுநேரம் பார்த்தார். தெருவில் காய்கறி வண்டிக்காரர் ஒலிபெருக்கியில் விலை சொல்லிக்கொண்டு போனார். அந்தச் சத்தம் தேய்ந்து மறையும்வரை வலது விரலால் அந்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எனக்கு வலிக்குதுன்னா... என்ற கையாத்தானே இருக்கோணும்?"

துணியைத் தொடவும் மனைவிக்குத் துணிவில்லை. கணவர் முகத்தில் அப்போதுதான் அந்த அதிர்ச்சி வந்தது. இத்தனை நாள் எங்கள் முகங்களில் இருந்தது, கடைசியாக அவரிடம் வந்து சேர்ந்தது. தன் கை என்பதற்காக என்று நினைத்தேன். இல்லை.

"சூடு பாக்காம ஊத்தியிருக்கேன் பாரு அம்மணி. ஆரா இருந்தா என்ன, அப்படி ஊத்தலாமா?"

பழைய தேதியே இருக்கட்டும் என்று சம்பந்தி வீட்டார் சொல்லிவிட்டார்கள். தை மாதம் அதே நாளில் கல்யாணம் நடந்தது. முதல் பந்தியில் ஊன்றுகோலோடு நடுவில் நடந்தார். மனைவி அவருக்கு இடப்பக்கமாகக் கூடவே வந்தார். ஒவ்வோர் இலைக்கும் அவர் முதலில் இடப்பக்கம் திரும்பினார், பிறகுதான் வலம். நடை மெதுவானது; பரிமாறுகிறவர்கள் இரண்டு சுற்று வந்துவிட்டார்கள். பெருந்துறையில் இலையை மடக்கிய பெரியவர் இடது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர்முன் நின்றார்.

"மாமா, அன்னைக்கு உங்களக் கேக்காம போயிட்டேனாம்."

"அதுக்கு இன்னைக்கு ரெண்டு எலைக்குண்டானத நானே சாப்ட்டுக்கறேனுங் மாப்ள. நீங்க பாத்து நடங்க." பெரியவர் சொல்லிவிட்டு இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

கடைசிப் பந்தியில் வீட்டார் உட்கார்ந்தோம். அவருக்கு வலப்பக்கம் சம்பந்தி. மனைவி இடப்பக்கம். எதிரில் நான். அவர் சம்பந்தியிடம் திரும்பி, மாப்பிள்ளை இடியாப்பம் போன்ற சந்தகையைத் தேங்காய்ப்பாலோடு சாப்பிடுவாரா வெல்லத்தோடா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். ரச வாளி வரிசையில் வந்தது. ஆவி பறக்கும் வாளியைக் கண்டதும் மனைவியின் உடல் விறைத்தது. கணவரின் இடது கையைப் பிடிக்க அவர் கை நீண்டது.

அதற்குள் அந்தக் கை எழுந்தது. தோளிலிருந்து, தானாக, பாரம் தூக்குவதுபோல. தழும்பேறிய உள்ளங்கை கவிழ்ந்து இலைக்கு மேல் வந்து நின்றது. போதும் என்கிறவர்கள் பந்தியில் கை மறைப்பார்களே, அது. பரிமாறியவன் கரண்டியை எடுத்துக்கொண்டு மனைவியின் இலைக்கு நகர்ந்துவிட்டான். அவர் சம்பந்தியோடு பேசிக்கொண்டே இருந்தார்.

மனைவி என்னைப் பார்த்தார்.

பேச்சு முடிந்து இலையைப் பார்த்த அவர் முகம் சுருங்கியது. பரிமாறியவனைக் கூப்பிட்டார்.

"ஏனுங் தம்பி, எனக்கு ரசம் ஊத்தலீங்களே?"

"நீங்கதானுங்க கைய வெச்சு வேண்டாமுன்னீங்க."

அவர் மெல்ல இடப்பக்கம் திரும்பினார். இலைக்கு மேல் இன்னும் நடுங்கிக்கொண்டு நின்ற கையைப் பார்த்தார்.

"நானுங்களா?"